இடுப்பில் இருந்த கத்தி

1970-களில் தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குக் கத்தி இல்லாத ஆண்பிள்ளை இடுப்பு நினைவில் இருக்காது. வேட்டியின் மேல் அகலமான பச்சை பெல்ட். அதன் பைகளில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, கொஞ்சம் சில்லறை, கூடவே ஒரு மடக்குக் கத்தி. பெல்ட் கட்டாதவர்கள் அரைஞாண் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கேழ்வரகுக் கொல்லைக்குப் போகிறவர், ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டோரம் போகிறவர், சந்தைக்கு மாடு பிடித்துப் போகிறவர், எல்லாரிடமும் ஏதோ ஒரு கத்தி இருந்தது. பெண்கள் அறுப்புக்குப் போகும்போது கருக்கருவாளைச் சும்மாட்டுத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். டவுன் பஸ்ஸில் அந்த அருவாளோடு ஏறினால் கண்டக்டர் சொல்வது ஒன்றுதான்: "மொனைய நல்லா சுத்தி வெச்சிக்கங்கம்மா, கொழந்தைங்க நிக்கிறாங்க."

என் தாத்தாவின் மடக்குக் கத்தி ஒரு சாண் நீளம்கூட இராது. பாக்குச் சீவுவது, மாங்காய் நறுக்குவது, மாட்டுக் கயிறு இறுகிப்போனால் அறுப்பது, காலில் தைத்த முள்ளை எடுப்பது, குளம்பில் சிக்கிய கல்லை நெம்புவது, பிள்ளைகளுக்குக் கரும்பு சீவித் தருவது என்று நாள் முழுக்க அதற்கு வேலை இருந்தது. வேலை முடிந்ததும் வேட்டியில் துடைத்து மடக்கி உள்ளே வைத்துவிடுவார். கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்க மாட்டார். திண்ணையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாத்திரம் என்று சொன்னாலும், கை அறுபடாமல் காத்த நல்ல பழக்கம் அது.

கத்திக்கென்று ஒரு நெறியும் இருந்தது. வாய்ச்சண்டை முற்றுகிற இடத்தில் ஒருவர் கை இடுப்புக்குப் போனால் பக்கத்திலிருக்கும் பெரியவர்கள் முதலில் அந்தக் கத்தியைத்தான் வாங்கி வைப்பார்கள். நியாயம் அதற்குப் பிறகுதான். அதற்காக அந்தக் காலத்தில் கத்தியால் கொலையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வரப்புத் தகராறிலும் சாதிச் சண்டையிலும் கொடுவாள் விழுந்திருக்கிறது, குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. ஆனால் இடுப்பில் கத்தி இருப்பதாலேயே ஒருவரைக் கண்டு பயப்படும் வழக்கம் ஊரில் இல்லை. இன்றைக்குப் பேருந்து நிலையத்தில் ஒருவர் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து மாம்பழம் நறுக்கினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து தள்ளி உட்காருகிறார். கத்தி வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், கத்தியைப் பற்றிய பயம் பல மடங்கு கூடிவிட்டது. இந்த மாற்றத்தில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு என்பதை விவரமாகப் பார்க்க வேண்டும். விவரம் தெரியாததால் குற்றம் செய்யாத உழைப்பாளி பயப்படுகிறார், பயப்பட வேண்டிய பிள்ளை தைரியமாகக் கத்தி வாங்குகிறான்.

தருமபுரி மண்ணுக்குக் கத்தியும் வாளும் புதியவை அல்ல. இது அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர். புறநானூற்றின் 95-வது பாட்டில் ஒளவையார் இரண்டு ஆயுதச் சாலைகளைப் பற்றிச் சொல்கிறார். தொண்டைமானின் படைக்கலங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மனையில் அழகாக நிற்கின்றன. அதியமானின் படைக்கலங்களோ போர்க்களத்தில் முனை முறிந்து, கொல்லனின் சிறிய பட்டறையில் பழுதுபார்க்கக் கிடக்கின்றன. இந்த மாவட்டத்தில் கிடைத்த நடுகற்களைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கும் சண்டையில் விழுந்த வீரர்கள் வில்லும் குறுவாளுமாக அந்தக் கற்களில் நிற்கிறார்கள்.

அரசனின் வாளைச் செப்பனிட்ட அந்தப் பட்டறை மரபுதான் இருபதாம் நூற்றாண்டில் எங்களுக்குக் களைக்கொத்தும் கொடுவாளும் அடித்துத் தந்தது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்கி, துண்டு போட்டு, உலையில் பழுக்கக் காய்ச்சி அடிப்பார்கள். அலகு வடிவத்துக்கு வந்தபின் தண்ணீரில் தோய்ச்சல் போடுவார்கள். தோய்ச்சல் கூடினால் கல்லில் பட்டதும் தெறித்துவிடும், குறைந்தால் வாய் மடங்கிவிடும். கதிர் அருவாளுக்குக் கருக்கு வெட்டுவது தனிக் கைவேலை. துருத்தி ஊத எங்களைப் போன்ற பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, பெரியவர்கள் மழையைப் பற்றியும் புளி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். வாங்குகிறவர் யார், எதற்கு வாங்குகிறார் என்ற கேள்வி எழவே எழாது. அவர் எந்தக் கொல்லையில் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பது கொல்லருக்கே தெரியும்.

இன்றைய பட்டறையில் அந்தக் கேள்வி எழுகிறது. 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்கக் காவல்துறை ரவுடிகளைத் தேடிப் பிடித்து ஆயுதங்களைக் கைப்பற்றியது. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திரபாபு, கத்தி, அருவாள் செய்யும் பட்டறைகளுக்கும் விற்கும் கடைகளுக்கும் சில கட்டுப்பாடுகளை அறிவிக்கச் செய்தார். வாங்குகிறவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், எதற்காக வாங்குகிறார் என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும். பழிக்குப் பழிக் கொலைகள் தொடர்ந்து நடந்த நேரம் அது. காவல்துறையின் கவலை நியாயமானது. கூலிக்கு அருவாள் அடித்துக் கொடுத்துவிட்டுக் கொலை வழக்கில் சாட்சியாக அலைந்த கொல்லர்களுக்கு அந்த நோட்டு ஒரு பாதுகாப்பும்கூட. ஆனால் களை எடுக்கப் போகிற கிழவி பட்டறையில் நின்று தன் பெயரைச் சொல்லி எழுதச் சொல்கிற காட்சியை என் தாத்தாவால் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

இத்தனைக்கும் தாத்தா காலத்திலேயே சட்டம் இருந்தது. 1878-ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது கொண்டுவந்த ஆயுதச் சட்டம் முதலில். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாத்தாவின் மடக்குக் கத்தி அதில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவு எது ஆயுதம் என்று வரையறுக்கிறது. தாக்குவதற்கோ தற்காப்பதற்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட, அல்லது அப்படி மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம். துப்பாக்கி மட்டுமல்ல, கூர்முனை கொண்ட கொடிய கருவிகளும் அதில் அடக்கம். அதே வரையறை ஒரு விலக்கையும் தருகிறது: வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று வடிவமைக்கப்பட்ட பொருள்கள் ஆயுதம் ஆகா. அருவாள்மணையும் கருக்கருவாளும் கொடுவாளும் தாத்தா பாக்குச் சீவிய கத்தியும் நிழல் பெறுவது இந்த விலக்கின் கீழ்தான். அவருக்கு அந்தச் சட்டத்தின் பெயர்கூடத் தெரியாது. தெரியாமலே அதற்குள் அடங்கி வாழ்ந்தார்.

அடுத்தது உரிமம். துப்பாக்கி வைத்திருக்க எல்லா இடத்திலும் உரிமம் வேண்டும். கத்தி, வாள் போன்றவற்றுக்கு அப்படி இல்லை. 4-வது பிரிவின்படி, ஒரு பகுதியின் நிலவரத்தைப் பார்த்து இந்த வகை ஆயுதங்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு கருதினால், அரசிதழில் அறிவிப்பு வெளியிடலாம். அறிவிப்பு வந்த பகுதியில், அறிவிப்பில் சொன்ன வகை ஆயுதத்தை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் 25-வது பிரிவின் கீழ் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆயுத விதிகளின் அட்டவணையில் ஐந்தாம் வகையாக வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி ஆகியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் வருகின்றன. அங்கேயும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை விலக்கு. எனவே, கத்தி 9 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் எதுவும் ஆகாது என்று டீக்கடையில் சொல்லப்படும் சட்டம் பாதிச் சட்டம்தான். அளவு ஒரு கேள்வி. எதற்காகச் செய்த கத்தி, எந்த ஊரில் இருக்கிறது என்பவை மற்ற இரண்டு கேள்விகள்.

ஊர் மாறினால் அளவு மாறும் என்பதற்கு டெல்லி நல்ல உதாரணம். பட்டனைத் தட்டினால் திறக்கும் கத்திகள் அங்கே பெருகியபோது, 1980 அக்டோபர் 29 அன்று டெல்லி நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமும் உள்ள அலகு அந்த அறிவிப்பின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 7.62 என்பது சரியாக 3 அங்குலம். தருமபுரியில் கொய்யாப்பழம் நறுக்கும் கத்தியைவிடச் சின்னது. இங்கிருந்து கட்டட வேலைக்கோ படிப்புக்கோ வெளிமாநிலம் போகும் பிள்ளைகள், நம் ஊர் வழக்கமே எல்லா ஊருக்கும் சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது.

வெளிநாட்டுக் கதை இன்னும் கறார். லண்டனில் குடியேறிய எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் ஊருக்கு வந்தபோது, பட்டறையில் அழகான சின்னக் கத்தி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். "அங்க இத பாக்கெட்ல வெச்சா நேரா ஸ்டேஷன்தான் சித்தப்பா" என்றான். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாத, திறந்தால் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான் விலக்கு. மற்ற எந்தக் கத்தியையும் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் 4 ஆண்டு வரை சிறை. ஜப்பானில் அந்தக் கோடு 6 சென்டிமீட்டரில் இருக்கிறது. இரண்டு நாடுகளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இந்த நேரத்தில் இந்த இடத்தில் உனக்கு இது எதற்கு? சமையல்காரர், தச்சர், மீனவர் ஆகியோரிடம் அதற்குப் பதில் இருக்கிறது. சும்மா வைத்திருக்கிறேன் என்பவரிடம் இல்லை.

நம் அரசியலமைப்புச் சட்டமும் ஓர் இடத்தில் கத்தியைப் பற்றிப் பேசுகிறது. 25-வது உறுப்பின் விளக்கத்தில், சீக்கியர்கள் கிர்பான் அணிவதும் ஏந்துவதும் அவர்களது மத ஒழுக்கத்தின் பகுதி என்று ஏற்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்திலும் பல வீடுகளில் கல்யாண மாப்பிள்ளை கையில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தி இருக்கும், முனியப்பன் கோயில்களில் நேர்ந்துகொண்ட அருவாள்கள் நட்டிருக்கும். அவற்றை யாரும் ஆயுதக் குவியலாகப் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது.

இனி இன்றைய நிலவரத்துக்கு வருகிறேன். 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் பிறந்தநாள் கொண்டாடிய ரவுடிக் கூட்டத்தைக் காவல்துறை வளைத்தபோது 70-க்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். அருவாளால் கேக் வெட்டும் படங்கள் கைப்பேசிகளில் பரவின. அதன் பிறகு பட்டாக்கத்தியால் கேக் வெட்டுவதும், அதைப் படம் எடுத்துப் போடுவதும் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்கள் வரை வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, உடன் படித்த மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து அருவாளால் வெட்டினார்கள், தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதையொட்டி, பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். அதன் பிறகு அரசு மருத்துவமனை வாசல்களில் பைகளைத் திறந்து பார்ப்பது கூடியது. மக்கள் கத்தியைக் கண்டு பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தாத்தா காலத்துக் கத்திக்கு வேலை இருந்தது, இந்தக் கத்திகளுக்குக் காட்டிக்கொள்வதைத் தவிர வேலை இல்லை. ஒரு நாள் அந்தக் காட்டிக்கொள்ளல் கொலையில் முடிகிறது.

என் தங்கை மகன் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது அவன் வண்டிப் பெட்டியில் பட்டன் கத்தி ஒன்று இருந்தது. இணையத்தில் வாங்கியது, கறுப்பு அலகு, பின்பக்கம் ரம்பப்பல்.

"எதுக்கு மாப்ளே இது?"

"சும்மா பாதுகாப்புக்குத்தான் மாமா. ராத்திரில வண்டில வரேன் இல்ல."

"போலீஸ் நிறுத்திக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவியா?"

"ஆமா. உண்மதான?"

அவனை உட்கார வைத்துச் சொன்னேன். பாதுகாப்புக்கு என்று சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆயுதச் சட்டத்தின் வரையறையைத் திரும்பப் பார்க்க வேண்டும். தாக்குவதற்கு வடிவமைத்தது மட்டுமல்ல, தற்காப்பதற்கு வடிவமைத்ததும் அங்கே ஆயுதம்தான். தோட்டத்துக்காரர் கொடுவாளுக்கு உள்ள விவசாய விலக்கு இந்தப் பட்டன் கத்திக்குக் கிடைக்காது. பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன் என்று வாயால் சொல்லும்போது, இது வேலைக்கான பொருள் இல்லை என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். தற்காப்பு உரிமை என்று ஒன்று உண்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. ஆனால் அது ஆபத்து நேரும் அந்தக் கணத்துக்கான உரிமை, தேவைக்கு மேல் ஒரு காயம்கூட ஏற்படுத்தக் கூடாது என்ற வரம்பும் அதற்கு உண்டு. கத்தியோடு ஊரைச் சுற்றுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

கத்தியை வெளியே எடுத்துவிட்டால் நிலைமை அடியோடு மாறும். 2024 ஜூலை 1-க்கு முன்னால் நம் ஊர்க் காவல் நிலையங்களில் அடிதடி வழக்கு என்றாலே 294(பி), 323, 324, 506(2) என்ற எண்கள் வரிசையாக வரும். பஞ்சாயத்துக்காரர்களுக்குக்கூட அவை மனப்பாடம். இந்தியத் தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு, இப்போது அவை 296(பி), 115(2), 118(1), 351(3) ஆகிவிட்டன. ஆபத்தான கருவியால் காயம் ஏற்படுத்தினால் 118(1)-இன் கீழ் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காயம் கொடுங்காயமானால் 118(2)-இன் கீழ் குறைந்தது ஓராண்டு, மேலே ஆயுள் தண்டனை வரை போகலாம். கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாலே 351(3)-இன் கீழ் 7 ஆண்டு வரை சிறை. பேனாக் கத்திக்கும் பட்டாக்கத்திக்கும் இங்கே பெரிய வித்தியாசம் கிடையாது. 1975-ல் பூல்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. கொள்ளையின்போது கத்தியைக் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு பயமுறுத்துவதே அதைப் பயன்படுத்தியதாகும், குத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வகைக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு.

திருவிழா, ஊர்வலம், சாதிக் கலவரம் என்று பதற்றம் வரும் நாள்களில் இன்னொரு வேலியும் போடப்படும். பழைய 144 தடை உத்தரவு இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு. அந்த உத்தரவில் ஆயுதம், தடி எதையும் எடுத்து வரக் கூடாது என்று தடை போடலாம். உத்தரவு 2 மாதம் வரை செல்லும், தேவைப்பட்டால் மாநில அரசு நீட்டிக்கலாம். அந்த நாள்களில் வேலைக்குத்தான் போகிறேன் என்று சொன்னாலும், உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கருவியோடு வெளியே இறங்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது காட்டுச் சட்டம். நான் சிறுவனாக இருந்தபோது காட்டோரத்து ஊர்களில் கொடுவாள் இல்லாமல் யாரும் காட்டுப் பக்கம் போக மாட்டார்கள். முள்ளை ஒதுக்க, தழை ஒடிக்க, விறகு பிளக்க, ஒகேனக்கல் பக்கம் ஆற்றில் பிடித்த மீனை அறுக்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடும் வேட்டை நடந்த ஆண்டுகளில் அந்த வழக்கம் ஒடுங்கியது. கையில் கொடுவாளோடு ஒருவர் காட்டிலிருந்து வந்தால் யாருக்கு, எதற்கு என்று கேள்விகள் வரும். ஆடு மேய்ப்பவர்கள் வெறுங்கையோடு போகப் பழகினார்கள். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டிக்கு அருகில் பாடியில் அந்தத் தேடுதல் முடிந்தது.

அதன் பிறகு வேறு மாற்றம் வந்தது. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 504.33 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 686.406 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. இரண்டும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள். யானையும் சிறுத்தையும் ஆற்றுநீர்நாயும் வாழும் அந்தக் காடு காப்பாற்றப்பட வேண்டியது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் சரணாலயம் ஆனதால் கத்தியின் சட்டமும் மாறியது என்பதை ஊருக்குள் யாரும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பதன் பட்டியலில் துப்பாக்கி, வில், அம்பு, வலை, கண்ணி, தூண்டில் கொக்கி ஆகியவற்றோடு கத்தியும் வெளிப்படையாக இருக்கிறது. அங்கே 9 அங்குலம் என்ற அளவு இல்லை. விவசாயக் கருவி என்ற விலக்கும் இல்லை. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஊர் எல்லையில் கொல்லையில் நிற்கும்போது விவசாயக் கருவியாக இருக்கும் அதே கொடுவாள், சரணாலய எல்லைக் கல்லைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் வேட்டை ஆயுதம் ஆகிவிடுகிறது. அந்தக் கல் எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழும் மக்களுக்குச் சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமை தந்திருக்கிறது. புளியும் கடுக்காயும் தேனும் எடுக்க உரிமை தந்துவிட்டு, அதற்கு வேண்டிய கத்தியைக் கையில் கண்டதும் சந்தேகப்படுவது முறையல்ல. வனத்துறை ஒவ்வொரு கிராமசபையிலும் எல்லை எது, எந்தக் கருவிக்கு யாரிடம் எப்படி அனுமதி கேட்பது என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

காட்டுச் சட்டம் பழைய வீடுகளின் பெட்டிக்குள்ளும் வருகிறது. மான் கொம்பில் பிடி போட்ட மடக்குக் கத்திகள் அந்தக் காலத்தில் பெருமைக்குரிய பொருள். இன்றைக்கு அலகால் வரும் சிக்கலைவிடப் பிடியால் வரும் சிக்கல் பெரியது. உரிமைச் சான்று இல்லாமல் மான் கொம்பை வைத்திருப்பதும், விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பாட்டன் சொத்து என்று இணையத்தில் விற்கப் போட்டவர்கள் வழக்கில் மாட்டிக்கொள்ளலாம். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் விற்கவோ பரிசளிக்கவோ முயலாமல், ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு வனத்துறையிடம் பேசுவதே வழி.

பயணம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கோ சேலத்துக்கோ போய் விமானம் ஏறுகிறவர்கள் இப்போது ஏராளம். கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. சாவிக் கொத்தில் தொங்கும் சுவிஸ் கத்திக்கும் அதே விதி. சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் சுற்றி வைக்கலாம், இறங்கும் நாட்டின் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். மெட்ரோ ரயில், நீதிமன்றம், மருத்துவமனை போகும்போதும் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

வேலைக்காரர் ஒருவரைக் கத்தியோடு நிறுத்தி விசாரித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இளநீர் வெட்டுகிறவர், கரும்பு வெட்டப் போகிறவர், முசுக்கொட்டைத் தழை அறுக்கிறவர், மாந்தோப்பில் வேலை பார்க்கிறவர் யாராக இருந்தாலும், எங்கே வேலை, யாருடைய தோட்டம் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கத்தியைக் கையில் ஆட்டிக்கொண்டு பேசக் கூடாது. கத்தியைக் கைப்பற்றினால் மகஜர் எழுத வேண்டும். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப்பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-வது உறுப்பு தரும் உரிமை. வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், 15100 என்ற எண்ணில் அழைத்தால் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். காவல்துறைக்கும் ஒரு வேண்டுகோள். கரும்புச் சோகை ஒட்டிய கொடுவாளையும் இணையத்தில் வாங்கிய பட்டன் கத்தியையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். உழைப்பாளியைப் பிடித்து எண்ணிக்கை காட்டினால் ரவுடியின் கத்தி அப்படியே இருக்கும்.

என் தங்கை மகன் அந்தக் கத்தியைப் பிறகு வண்டியில் வைத்துக்கொள்ளவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து கூட வேலை பார்க்கும் நண்பர்களோடு சேர்ந்து வருகிறான், அதைவிட நல்ல பாதுகாப்பு எந்தக் கத்தியும் தராது.

கத்தி இல்லாமல் விவசாயம் இல்லை, சமையல் இல்லை, தச்சு வேலை இல்லை. அதை ஒழிக்கவும் முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். வேலைக்குப் போகும்போது எடுத்துப் போங்கள், உறையில் போட்டு வையுங்கள், வேலை முடிந்ததும் வீட்டில் வைத்துவிடுங்கள். காட்டோரம் இருப்பவர்கள் சரணாலய எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் காய் நறுக்கவும் குச்சி சீவவும் கற்றுக் கொடுங்கள், கூடவே சண்டையில் கத்தியைத் தொடக் கூடாது என்ற பழைய நெறியையும் கற்றுக் கொடுங்கள். பாதுகாப்புக்கு என்று கத்தி வாங்கி வைத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், போலீஸ் பேசுவதற்கு முன்னால் நீங்கள் இன்றைக்கே பேசிவிடுங்கள்.